பொது இடங்களில் மின்செருகுவாய்: பாதுகாப்புத் தரங்களின் வரலாறும் இந்தியச் சட்டத்தின் இடைவெளியும்

ஆய்வுச்சுருக்கம்

மக்கள் வழக்கில் ‘பிளக் பாயிண்ட்’ எனப்படும் மின்செருகுவாய், வீட்டுச் சுவரிலிருந்து பேருந்து நிலையம், ரயில் பெட்டி, மருத்துவமனைக் காத்திருப்பறை ஆகிய பொது இடங்களுக்குப் பரவியுள்ளது. அங்கு அதனைப் பயன்படுத்துவோர் அதனை அமைத்தவரையோ பராமரிப்பவரையோ அறியாதவர். 1882ஆம் ஆண்டின் இலண்டன் விதிகள் முதல் 2023ஆம் ஆண்டின் இந்திய ஒழுங்குமுறைகள் வரை செருகுவாய் தொடர்பான பாதுகாப்புத் தரங்கள் வளர்ந்த வகையை இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டடத்தைத் தீயிலிருந்து காப்பதில் தொடங்கிய தரங்கள், மனித உடலை மின்னதிர்ச்சியிலிருந்து காப்பதை நோக்கி நகர்ந்தன. இந்தியச் சட்டம் 1910லேயே மக்கள் கூடும் இடத்தைத் தனித்து அடையாளம் கண்டது. ஆயினும் இன்றைய ஒழுங்குமுறையில் வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர், பிற இடங்களுக்கு 100 மில்லி ஆம்பியர் என்னும் பாகுபாடு நிலவுகிறது. சட்டம் ‘நிறுவலை’ அலகாகக் கொண்டு, ‘செருகுவாயை’ அலகாகக் கொள்ளாமையே இம்முரணுக்குக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மின்செருகுவாய், பொது இடம், மின்னதிர்ச்சி, கசிவுமின் துண்டிப்பான், இந்திய மின்சாரச் சட்டம், தரப்படுத்தல்.

1. முன்னுரை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுகளின் விபத்து மரண அறிக்கைகளின்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழக்கின்றனர். அறுந்து விழும் கம்பி, வயல்வெளி மின்மோட்டார், கட்டுமானப் பணி எனப் பல காரணங்கள் இவ்வெண்ணிக்கைக்குள் அடங்கும். செருகுவாயால் நேர்ந்தவை அவற்றுள் ஒரு பகுதியே. எனினும், மின்சாரத்தோடு பொதுமக்கள் தம் கையாலேயே நாள்தோறும் தொடர்பு கொள்ளும் இடம் செருகுவாய் ஆதலால், அதன் பாதுகாப்பு தனித்து ஆராயத்தக்கது.

வீட்டுச் செருகுவாயை அவ்வீட்டார் அறிவர். எது தளர்ந்தது, எதில் கைவைக்கக் கூடாது என்னும் பழக்க அறிவு அவர்களுக்கு உண்டு. பேருந்து நிலையத் தூணில் உள்ள செருகுவாயில் கைப்பேசியின் மின்னேற்றியைச் செருகும் பயணிக்கு அவ்வறிவு இல்லை. மழையில் நனைந்த கையோடு வருபவர், குழந்தை, முதியவர் என எவரும் அதனைத் தொடக்கூடும். ஆகவே, பயன்படுத்துவோரின் எச்சரிக்கையை நம்பியிராமல், கருவியே காக்க வேண்டிய கடப்பாடு பொது இடத்தில் கூடுகிறது. இக்கடப்பாட்டைத் தரங்களும் சட்டங்களும் எவ்வாறு உணர்ந்தன, எங்கே உணரத் தவறின என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல். பிரித்தானிய, அமெரிக்க, பன்னாட்டுத் தரங்களும் இந்தியச் சட்டங்களும் ஒழுங்குமுறைகளும் இதற்கு ஆதாரங்களாகக் கொள்ளப்பட்டுள்ளன.

2. தீயச்சத்தில் தோன்றிய விதிகள்

மின்சார அமைப்பு பற்றிய தொடக்ககால விதிகளுள் முதன்மையானவை 1882இல் இலண்டனில் தந்திப் பொறியாளர், மின்பொறியாளர் கழகம் வெளியிட்டவை. மின்விளக்கால் நேரும் தீவிபத்தைத் தடுத்தல் என்பதே அவற்றின் தலைப்பில் கூறப்பட்ட நோக்கம். அமெரிக்காவில் 1897இல் உருவான தேசிய மின்நெறித் தொகுதியும் தீக்காப்பீட்டு நலன்களோடு நெருங்கிப் பிறந்ததே. அக்காலத்தில் மின்சாரம் விளக்குக்கே பெரிதும் பயன்பட்டது. விளக்கு கூரையில் இருந்தது, அதனை மாட்டுபவர் பணியாளர். எனவே காக்கப்பட வேண்டிய பொருளாகக் கட்டடமே கருதப்பட்டது.

மின்சாரம் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியபோது நிலைமை மாறியது. தொடக்கத்தில் இஸ்திரிப்பெட்டி போன்ற கருவிகள் விளக்குத் தாங்கியில் திருகப்பட்டே இயக்கப்பட்டன. பிரித்தெடுக்கத்தக்க செருகிக்கு 1904இல் ஆர்வி அபல் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். கருவியை எவரும் எளிதாக இணைக்கவும் நீக்கவும் இது வழிசெய்தது. பணியாளரின் இடத்தைப் பயனர் பெற்றார். மின்னோட்டம் உள்ள உலோகத்துக்கும் விரலுக்கும் இடையிலான தொலைவு ஒரு துளையின் ஆழமாகக் குறைந்தது.

3. பயனரை அறியாத செருகுவாய்: 1934 முதல் 1947 வரை

பிரித்தானியாவில் உருளை முனைகள் கொண்ட செருகிகளுக்கான பி.எஸ். 546 என்னும் தரம் 1934இல் வெளியானது. 2, 5, 15, 30 ஆம்பியர் என நான்கு அளவுகளை அது வரையறுத்தது. மூன்றாம் முனை புவித்தொடுப்புக்கு உரியது. ஏனைய இரண்டினும் நீண்டதாகையால் முதலில் இணைந்து இறுதியில் விலகும். கருவியின் உலோக உடலில் மின்னோட்டம் கசிந்தால் அது தரைக்குச் செல்ல வழி அமைக்கும் இவ்வேற்பாடு, மனித உடலைக் கருத்திற்கொண்ட முக்கிய முன்னேற்றம் ஆகும். ஆனால் கருவிக்கேற்ப அளவு வேறுபட்டதால், ஒரே அறையில் பலவகைச் செருகுவாய்கள் தேவைப்பட்டன.

இரண்டாம் உலகப் போரின்போது, போருக்குப் பிந்தைய வீட்டுக் கட்டுமானத்தைத் திட்டமிட அமைக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று மின்னமைப்பை ஆராய்ந்தது. பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தின் இயக்குநரான கரோலின் ஆஸ்லெட் அதில் இடம்பெற்ற ஒரே பெண் உறுப்பினர். 1944இல் வெளியான இக்குழுவின் அறிக்கை, சிறு குழந்தைகளின் பாதுகாப்புக்காகச் செருகுவாயின் தொடுமுனைகள் மூடப்பட்டிருத்தல் வேண்டும் என வற்புறுத்தியது. இதன் வழிவந்த பி.எஸ். 1363 தரம் 1947இல் வெளியானது. புவித்தொடுப்பு முனை நுழைந்தால் மட்டுமே பிற இரு துளைகளின் தடுப்பு மூடிகள் திறக்கும் அமைப்பு இதில் பெருவழக்காயிற்று. செருகிக்குள்ளேயே 13 ஆம்பியர் வரையிலான உருகியும் வைக்கப்பட்டது.

தடுப்பு மூடி கொள்கையளவில் ஒரு திருப்புமுனை. எச்சரிக்கைப் பலகையோ பெற்றோரின் கண்காணிப்போ இல்லாத நிலையிலும் அது காக்கும். பயனர் யார் என்பதை அது கேட்பதில்லை. வீட்டுக் குழந்தைக்காக வகுக்கப்பட்ட இக்கொள்கை, அறியாத பலர் வந்துபோகும் பொது இடத்துக்கே மிகவும் பொருந்துவது. அமெரிக்க நெறித்தொகுதி 2008இல் புதிய வீடுகளுக்குத் தடுப்பு மூடியைக் கட்டாயமாக்கியது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் மருத்துவமனைக் காத்திருப்பறைகள், பயணிகள் காத்திருக்கும் இடங்கள், உடற்பயிற்சிக் கூடங்கள் ஆகியவற்றுக்கு அதனை விரிவாக்கியது. வீட்டிலிருந்து காத்திருப்பறை வரையிலான இத்தொலைவை அந்நெறித்தொகுதி கடக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

4. மின்னதிர்ச்சியின் அளவீடு

உருகி மனிதரைக் காக்கும் என்னும் எண்ணம் பொதுமக்களிடையே இன்றும் உண்டு. 13 ஆம்பியர் என்பது 13,000 மில்லி ஆம்பியர். மனித உடலுக்கு ஊறு விளைவிக்கும் மின்னோட்டமோ சில பத்து மில்லி ஆம்பியர்களே. உருகி கம்பியைக் காப்பது, உடலைக் காப்பதன்று.

இவ்வேறுபாட்டை எண்களாக நிறுவியவர்களுள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் குறிப்பிடத்தக்கவர். பற்றிய மின்கடத்தியைத் தாமே விட்டுவிடக்கூடிய மின்னோட்ட வரம்பை அவர் தன்னார்வலர்களிடம் சோதித்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சராசரி 10.5 மில்லி ஆம்பியர் என அவர் கண்டார். அதற்கு மேல் தசைகள் இறுகிக் கை விடாது. அந்நிலை நீடித்தால் மூச்சுத் தடைப்படும். மின்னோட்டம் மேலும் உயர்ந்தால் இதயத் துடிப்பு சீர்குலையும்.

மின்கம்பி வழிச் செல்லும் மின்னோட்டமும் நடுநிலைக் கம்பி வழித் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருத்தல் இயல்பு. இரண்டுக்கும் வேறுபாடு தோன்றினால், மின்னோட்டம் வேறு வழியில், ஒருவேளை மனித உடல் வழியாக, தரைக்குச் செல்கிறது என்பது பொருள். அவ்வேறுபாட்டை உணர்ந்து மின்வழங்கலை நிறுத்துவதே கசிவுமின் துண்டிப்பான். மின்பணியாளர் வழக்கில் இது ஆர்.சி.சி.பி. எனப்படும். பழைய பெயரான இ.எல்.சி.பி. என்பதும் வழங்குகிறது. 1950களில் ஆஸ்திரியாவின் கொட்ஃபிரீட் பீகல்மையரும், 1960களின் தொடக்கத்தில் டால்சியலும் இவ்வகைக் கருவியை வளர்த்தெடுத்தனர். அமெரிக்க நெறித்தொகுதி 1968இல் நீச்சல்குளங்கள் தொடர்பாகவும், 1975இல் வீட்டுக் குளியலறைச் செருகுவாய்களுக்கும் இதனைப் புகுத்தியது. அங்கு ஏற்கப்பட்ட வரம்பு ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர்.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 30 மில்லி ஆம்பியரை வரம்பாகக் கொண்டது. அதன் 2005ஆம் ஆண்டின் 60364-4-41 தரம், ‘சாதாரண மனிதர்’ பொதுப் பயனுக்குக் கையாளும் 20 ஆம்பியர் வரையிலான செருகுவாய்களுக்கு 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பானைக் கூடுதல் பாதுகாப்பாக விதித்தது. மின்துறைப் பயிற்சியோ கண்காணிப்போ இல்லாதவரே இங்குச் ‘சாதாரண மனிதர்’. இத்தரத்தில் பாதுகாப்பின் அலகு கட்டடமும் அன்று, முழு நிறுவலும் அன்று. குறிப்பிட்ட செருகுவாயும் அதனைத் தொடும் மனிதருமே அலகு.

5. இந்தியச் சட்டத்தில் ‘நூறு பேர் கூடும் இடம்’

இந்தியச் சட்டம் வேறொரு திசையிலிருந்து பொது இடத்தை அணுகியது. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, தெருவிலோ, நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ இயல்பாகக் கூடக்கூடிய இடத்திலோ 250 வாட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தப்படுமாயின், ஏழு நாள் முன்னதாக மின் ஆய்வாளருக்கும் மாவட்ட நடுவர் அல்லது காவல் ஆணையருக்கும் எழுத்துவழி அறிவிப்புத் தர வேண்டும் என்றது. நாடகக் கொட்டகையும் திருவிழாப் பந்தலும் பொதுக்கூட்டத் திடலும் இவ்வரையறைக்குள் வரக்கூடியவை. அறிவிப்பைப் பெறுவோரில் காவல் ஆணையர் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. கூட்டம் என்பது நெரிசல், தீ, ஒழுங்கு ஆகியவற்றோடு இணைத்தே நோக்கப்பட்டது.

இப்பிரிவின் ஆயுள் நீண்டது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் இது 54ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 250 வாட்டோடு 100 வோல்ட் என்னும் வரம்பு சேர்ந்ததே அதில் காணும் முக்கிய மாற்றம். நூறு பேர் என்னும் எண்ணிக்கையும் ஏழு நாள் என்னும் காலமும் மாறவில்லை.

இப்பிரிவே இந்தியாவில் கசிவுமின் பாதுகாப்புக்கும் ஒரு நுழைவாயிலாக அமைந்தது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 61-அ விதி, நிறுவல்களுக்குக் கசிவுமின் பாதுகாப்புக் கருவியை விதித்தது. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த தாழ்வழுத்த நிறுவல்களுக்கும், 30ஆம் பிரிவுக்கு உட்படாத தாழ்வழுத்த நிறுவல்களுக்கும் விலக்களித்தது. அதாவது, தாழ்வழுத்த நிறுவல்களுள் மக்கள் கூடும் இடங்கள், தொழிற்கூடங்கள் போன்றவற்றுக்கே அக்கருவி முதலில் கட்டாயமாயிற்று. பெரும்பாலான வீடுகள் வெளியே நின்றன. அன்று பொது இடம் வீட்டினும் மேலான பாதுகாப்புக்கு உரியதாகச் சட்டத்தில் கருதப்பட்டது.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இவ்விதியை ஏற்றுத் தொடர்ந்தன. பின்னர் வந்த திருத்தங்களில் துண்டிப்பு வரம்பு எண்ணால் குறிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளிலும் அது நிலைபெற்றுள்ளது. வீட்டிணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மிகாமலும், பிற நிறுவல்கள் அனைத்துக்கும் 100 மில்லி ஆம்பியருக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது அவ்வரம்பு. பேருந்து நிலையமும் பள்ளியும் மருத்துவமனையும் நூலகமும் இரண்டாம் வகையைச் சேரும். வீட்டுக்கு முன்னரே பாதுகாப்புப் பெற்ற பொது இடம், எண் வந்தபோது வீட்டுக்குப் பின்னே தள்ளப்பட்டது.

6. முப்பதும் நூறும்: முரணின் பொருள்

இப்பாகுபாட்டின் விளைவைக் கணக்கால் காணலாம். பழுதுற்ற செருகுவாயைத் தொடும் ஒருவரின் உடல், காலணி, தரை ஆகியவற்றின் மொத்த மின்தடை 4000 ஓம் எனக் கொள்வோம். 230 வோல்ட்டில் அவர் வழியே ஏறத்தாழ 57 மில்லி ஆம்பியர் பாயும். டால்சியல் கண்ட சராசரி வரம்பைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல். கை விடாது. 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். 100 மில்லி ஆம்பியர் துண்டிப்பானுக்கு அவ்வளவில் செயற்பட வேண்டிய கட்டாயம் இல்லை. முப்பதுக்கும் நூறுக்கும் இடைப்பட்ட இவ்வெல்லையில்தான் உயிரிழப்புக்கான வாய்ப்பு உள்ளது.

100 மில்லி ஆம்பியர் வரம்புக்கு நியாயம் இல்லாமலில்லை. பெரிய கட்டடத்தில் நூற்றுக்கணக்கான கருவிகளிலிருந்து சிறு சிறு கசிவுகள் இயல்பாகவே உண்டு. அவற்றின் கூட்டுத்தொகை 30 மில்லி ஆம்பியரைக் கடந்து, பழுது ஏதுமின்றியே முதன்மைத் துண்டிப்பான் அடிக்கடி விழும். மருத்துவமனையில் அது உயிருக்கே கேடாகலாம். எனவே நிறுவலின் தலைவாயிலில் 100 மில்லி ஆம்பியர் என்பது பொறியியல் நோக்கில் ஏற்கத்தக்கதே. குறை அவ்வெண்ணில் இல்லை. தலைவாயிலுக்கு ஓர் எண்ணும், மக்கள் கைபடும் செருகுவாய்க்குச் செல்லும் கிளைச்சுற்றுக்கு வேறோர் எண்ணும் என ஒழுங்குமுறை பிரித்துக் கூறாமையே குறை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் மின்கம்பியமைப்பு நெறியான ஐ.எஸ். 732, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பன்னாட்டுத் தரத்தைப் பெரிதும் தழுவியது. அதனைப் பின்பற்றும் பொறியாளர் கிளைச்சுற்றில் 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பானை அமைப்பார். ஆயினும் நெறித்தொகுதியில் ஒரு பரிந்துரை இருப்பதும், ஒழுங்குமுறையில் ஓர் எண் இருப்பதும் நடைமுறையில் ஒன்றல்ல. ஆய்வுக்கு வருபவர் கையில் உள்ள எண் 100 என்றால், 100 இருந்தாலே நிறுவல் தேறிவிடும்.

பிரித்தானிய அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. அந்நாட்டு மின்கம்பியமைப்பு விதிகளின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரண மனிதர் பயன்படுத்தும் 20 ஆம்பியர் வரையிலான செருகுவாய்களுக்கு 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பானை விதித்தது. பயிற்சி பெற்றோரின் கண்காணிப்பில் உள்ள சில தொழிலிடங்களுக்கு விலக்களித்தது. 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் வரம்பு 32 ஆம்பியராக உயர்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சாதாரண மனிதர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் பயன்படுத்தக்கூடிய இடங்களைப் பெயர் சுட்டிக் குறித்தது. இடத்தின் உடைமையைக் கேளாமல், தொடுபவரின் தன்மையைக் கேட்கும் விதி இது. இந்திய ஒழுங்குமுறை ‘வீடா, வீடல்லாததா’ என வினவும் இடத்தில், இது ‘தொடக்கூடியவர் யார்’ என வினவுகிறது.

7. வடிவமும் பராமரிப்பும்

துண்டிப்பான் மட்டும் போதுமானதன்று. மின்கம்பி, நடுநிலைக் கம்பி ஆகிய இரண்டையும் ஒருங்கே தொடுபவரின் உடலை அது ஒரு கருவியாகவே கொள்ளும், துண்டிக்காது. அத்தகைய தொடுகையைத் தடுப்பது செருகுவாயின் வடிவமே. இந்தியா பி.எஸ். 546 மரபை ஏற்று, ஐ.எஸ். 1293 தரத்தின்வழித் தொடர்கிறது. 5, 15 ஆம்பியர் அளவுகள் பின்னாளில் 6, 16 ஆம்பியராகத் திருத்தப்பட்டன. இத்தரத்தின் அண்மைத் திருத்தம் 2019இல் வெளியானது. ஆனால் பொது இடங்களில் பெரிதும் காணப்படுவது எவ்வகைச் செருகியையும் ஏற்கும் ‘யுனிவர்சல்’ செருகுவாய். எல்லா வடிவத்துக்கும் இடங்கொடுக்க அகன்ற துளைகளில் முனைகள் தளர்ந்து நிற்கும். அதனால் வெப்பமும் பொறியும் எழும். புவித்தொடுப்பும் உறுதியாக அமையாது.

இலங்கையும் இதே பிரித்தானிய மரபில் உருளை முனைகளையும் சதுர முனைகளையும் ஒருங்கே பெற்றிருந்தது. வடிவக் கலப்பால் நேரும் இடரைக் கருதி, இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 ஆம்பியர் சதுர முனைச் செருகியையே ஒரே தேசியத் தரமாக்க முடிவு செய்தது. 2018 முதல் பிற வடிவங்களின் விற்பனைக்குத் தடை வந்தது. வடிவ ஒருமை என்பது வசதி பற்றியதன்று, பாதுகாப்பு பற்றியது என்னும் புரிதல் இம்முடிவில் வெளிப்படுகிறது.

பராமரிப்பில் பழைய தீயச்சமே இன்னும் மேலோங்கி நிற்கிறது. 2021இல் ரயில் பெட்டிகளின் மின்னேற்றச் செருகுவாய்களை இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை நிறுத்திவைக்கும் நடைமுறை வலியுறுத்தப்பட்டது. தீவிபத்துத் தடுப்பே அதன் நோக்கம். நோக்கம் சரியானதே. ஆயினும் பகலில் அதே செருகுவாயைத் தொடும் கைக்கு அந்நடைமுறை எதுவும் செய்யாது. மேலும், 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் நிறுவல்களை ஆய்வுசெய்ய வகைசெய்தன. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் செருகி எடுக்கும் ஒரு பொதுச் செருகுவாய்க்கு ஐந்தாண்டு என்பது மிக நீண்ட காலம். சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காத துண்டிப்பான் உள்ளே பழுதுற்றிருந்தாலும் வெளியே தெரியாது.

8. முடிவுரை

செருகுவாய்ப் பாதுகாப்பின் வரலாற்றில் காப்புக்குரிய பொருள் இரண்டு முறை மாறியுள்ளது. 1882இல் அது கட்டடம், 1910இன் இந்தியச் சட்டத்தில் அது கூட்டம், 1944க்குப் பிந்தைய தடுப்பு மூடியிலும் 2005இன் பன்னாட்டுத் தரத்திலும் அது தனிமனித உடல். இந்தியச் சட்டம் கூட்டத்தை முன்கூட்டியே கண்டது அதன் சிறப்பு. ஆனால் கூட்டத்தில் உள்ள தனி ஒருவரின் கையை அது எண்ணளவில் இன்னும் காணவில்லை. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் காப்புப் பெறும் அதே மனிதர், பேருந்து நிலையத்துக்கு வந்தவுடன் 100 மில்லி ஆம்பியருக்கு உரியவராகிறார். அவருடைய உடல் மாறவில்லை.

இதற்குத் தீர்வு புதிய கண்டுபிடிப்பில் இல்லை. தலைவாயில் வரம்பை அவ்வாறே விட்டு, பொதுமக்கள் கையாளும் செருகுவாய்ச் சுற்றுகளுக்கு மட்டும் 30 மில்லி ஆம்பியரை ஒழுங்குமுறையிலேயே விதித்தல், பொது இடத்தில் தடுப்பு மூடியோடு கூடிய ஒரே தர வடிவத்தைக் கட்டாயமாக்கல், அவற்றின் ஆய்வுக்காலத்தைக் குறைத்தல் என்னும் மூன்றும் ஏற்கெனவே உள்ள தரங்களிலிருந்தே பெறத்தக்கவை. மக்கள் கூடும் இடத்துக்கு 54ஆம் பிரிவு தந்துள்ள தனித் தகுதி அதற்குச் சட்ட அடிப்படையாக அமையும். மாநில அளவிலான மின் ஆய்வுத் துறை ஆவணங்களைக் கொண்டு, 30ஆம் பிரிவின் அறிவிப்புகள் நடைமுறையில் எவ்வாறு கையாளப்பட்டன என ஆராய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.